செல்வி அக்கா சொன்ன லீவுக் காரணங்கள்

பிரவீணா அந்த லாரி ஆபீஸில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் எடை மேடையைக் கவனிக்கும் செல்வி அக்கா அவளிடம் பேசியதெல்லாம் "சாப்டியா", "பில் புக்க எடு", "ஃபேன நிறுத்து" என்ற அளவில்தான். அன்று மத்தியானம் மேடையில் லாரி எதுவும் இல்லை. அக்கா கேபின் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ இங்கிலீஷ்லதானே படிச்ச?"

"பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியங்க்கா. அப்பறந்தான் இங்கிலீஷ்."

"ரெண்டும் தெரியும்ல, அதான் வேணும். இப்ப இருக்குற வேலைய வுட்டுட்டு ஏன் வர்றீங்கன்னு கேட்டா இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்?"

பிரவீணா யோசித்தாள். "கேரியர் குரோத்துன்னு சொல்லுவாங்கக்கா."

"அப்புடின்னா?"

"வேலையில மேல மேல வளர்றது."

"அதச் சொன்னா நம்புவாங்களா?"

"எல்லாரும் அதத்தாங்க்கா சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதையே சொல்றதுக்கு நான் எதுக்குப் பஸ் ஏறிப் போவணும்? பதினோரு வருசமா இங்க வளந்தது என் இடுப்புச் சுத்தளவு ஒண்ணுதான். அத இங்கிலீஷ்ல எப்புடிச் சொல்றது?"

பிரவீணாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கேள்வி என்ன என்பதே அவளுக்கு உறைத்தது.

"வேலைய விடப் போறீங்களாக்கா?"

"மெதுவாப் பேசு. வெளிய டிரைவர் ராஜதுரை டயருக்குக் காத்துப் பாக்குற மாதிரி நிக்கிறான் பாரு. அவன் காதுல ஒரு சொல்லு வுழுந்தா, சாயங்காலத்துக்குள்ள அரியலூர்ல இருக்குற அத்தன சிமெண்ட் ஃபேக்டரி வாசலுக்கும் போயிடும்."

"முதலாளிக்குத் தெரியாதா?"

"கெடைச்சப்பறம் தெரிஞ்சா பரவால்ல. அதுக்கு முந்தித் தெரிஞ்சா, அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு ஆயிடும்."

"எத்தன நாளாத் தேடுறீங்க?"

"மூணு வருசமா" என்றாள் அக்கா. ஜெயங்கொண்டத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். மேடைக்கு முன்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் சிங்காரவேலுவின் லாரி ஆபீஸ் இருக்கிறது. பதினெட்டு லாரிகள். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலைகளில் கொண்டுபோய்க் கொட்டுவது தொழில். ஆபீஸுக்கு முன்னால் எடை மேடை. சொந்த லாரிகளோடு, அந்த வழியாகப் போகும் ஜல்லி லாரி, நெல் லாரி, முந்திரி லாரி எல்லாம் அதில் ஏறி இறங்கிப் போகும். காலி லாரியை ஒரு தடவை, லோடு லாரியை ஒரு தடவை எடை போட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அந்தச் சீட்டை நம்பித்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் சண்டையில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

வெற்றிச்செல்வி என்ற முழுப்பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் செல்வி அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர் மதுரைவீரனுக்கும் அக்காதான். லாரி மேடையில் ஏறும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். திரையில் சிவப்பு எண் வந்து நிற்கும்போது நூறு கிலோ முன்னேபின்னே இருக்கும், அவ்வளவுதான். கல்லை அதிகமாகக் காட்டுவதற்காகச் சிலர் காலி எடை போடும்போது ஸ்டெப்னி டயரைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அக்கா எழுந்திருக்கக்கூட மாட்டாள். ஜன்னல் வழியாக, "ஏண்டா, ஸ்டெப்னி எங்க? டீக்கடையில வட சாப்புடுதா?" என்பாள். லாரி பின்னால் போய்விடும்.

அவள் பிறந்தது குன்னம் பக்கத்தில். அம்மா ஊரார் வயலில் நடவுக்கும் களைக்கும் போய் அவளையும் தம்பி தமிழ்மாறனையும் வளர்த்தாள். பிளஸ் டூ முடித்து, கல்யாணம் முடிந்து, தபால் வழியில் பி.ஏ. எழுதி முடித்த வருஷம் அக்கா இந்த ஆபீஸுக்கு வந்தாள். வீட்டுக்காரர் வீரமணி பெரம்பலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தினமும் காலையில் ஏழே காலுக்கு அங்கிருந்து பஸ்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். "செல்வி நம்ம வூட்டுப் பொண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டுப் பெண்ணுக்கு யாராவது வேலை உத்தரவு எழுதிக் கொடுப்பார்களா? பி.எஃப். பிடிப்பார்களா? வருஷா வருஷம் சம்பளம் ஏற்றுவார்களா? தீபாவளிக்குப் புடவை வந்துவிடும், அதோடு சரி.

மூன்று வருஷத் தேடலின் மிச்சத்தை அதற்குப் பிறகு பிரவீணா கூடவே இருந்து பார்த்தாள். வேலையில் இருக்கிறவளுக்கு வேலை தேட நேரம் கிடையாது. சென்னையிலிருந்து ஒரு பெண் குரல், "மேடம், ஃபைவ் மினிட்ஸ் பேசலாமா?" என்று கேட்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் மேடையில் மூன்று லாரி நிற்கும். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்பாள்; அடுத்த மூச்சில், "பின்னாடி எடுடா, பின் சக்கரம் மேடைக்கு வெளிய நிக்குது" என்பாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினால் பதினேழாவது கட்டத்தில் அனுபவக் கடிதம் கேட்கும். அதைக் கொடுக்க வேண்டியவர், அவள் தேடுவது தெரியக்கூடாத அதே ஆள்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லுவாங்க. நான் ரெண்டு காலையும் இங்க வச்சுக்கிட்டு, தலைய மட்டும் வெளிய நீட்டிப் பாக்குறேன்" என்பாள். சொல்லும்போது அலுப்பு இருக்கும். ஆனால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அந்தக் குரலில் ஒரு நாளும் இருந்ததில்லை. "எனக்கு வேல தெரியும். தெரிஞ்சவளத் தேடுறவன் எங்கயோ இருப்பான். அவன் கண்ணுல நான் படணும், அவ்வளவுதான்."

படுவதற்கு லீவு வேண்டுமே. அந்த ஆபீஸில் லீவு லெட்டர் என்று ஒன்று கிடையாது. முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று வாயால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளும் இல்லை அவர். ஒரு தடவை அக்கா காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்கு ஒரு நேர்முகத்துக்குப் போனாள். மத்தியானம் முதலாளியம்மா ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொடுத்து ராஜதுரையைப் பெரம்பலூருக்கு அனுப்பிவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் என்று மறுநாள் சமாளித்தாள். அதற்காக ஒரு வாரம் இருமவும் வேண்டியிருந்தது. சாவு என்று சொல்லவே முடியாது. யார் வீட்டுத் துக்கமானாலும் மாலையோடு முதலில் வந்து நிற்கிறவர் சிங்காரவேலு.

அப்படியிருக்கும்போதுதான் ஆலத்தியூர் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. லாரிகளை வரிசைப்படுத்தி எடை போட்டு அனுப்பும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர். காண்ட்ராக்ட் இல்லை, கம்பெனியின் நேரடி வேலை. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. அக்கா இரண்டு நாள் யோசித்து, முதலாளி முன்னால் போய் நின்றாள். பிரவீணா பக்கத்து மேசையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"சார், வெள்ளிக்கெழம லீவு வேணும். பூலாம்பாடில எங்க தம்பி பொண்ணுக்குக் காதுகுத்து."

"அட! பத்திரிகை எங்க?"

"அடிக்கலைங்க சார். கோயில்ல வச்சு, வூட்டாளுங்க மட்டும்."

"வூட்டாளுங்க மட்டுமா? நல்லது, நல்லது. போயிட்டு வா."

பெரம்பலூருக்குக் கிழக்கே ஆலத்தியூர், வடமேற்கே பூலாம்பாடி. நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். வீட்டுப் பெண் என்று அவளைப் பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறவர், வீட்டாள் என்ற கணக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எடை மேடையில் பிரவீணா உட்கார்ந்திருந்தாள். எட்டே முக்காலுக்கு மதுரைவீரன் சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன பாப்பா, நீ போவலையா? முதலாளி, அம்மா, ராஜதுரை மூணு பேரும் எட்டரைக்கே ஜீப்புல கெளம்பிட்டாங்க. வாழத்தாரு, பழத்தட்டு, புள்ளைக்கு வெள்ளிக் கொலுசு. பூலாம்பாடியில உங்க அக்கா வூட்டு விசேஷமாமே?"

பிரவீணா தானாக யாருக்கும் போன் செய்கிற பெண் இல்லை. அன்று உடனே அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா அப்போதுதான் ஆலை வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியிருந்தாள். பிரவீணா சேதியைச் சொல்லி முடித்தாள். உடனே அக்காவின் குரல் வந்தது, லாரிக்கு வழி சொல்லும் அதே குரல்.

"எட்டரைக்குக் கெளம்புனாரா? பெரம்பலூர்ல நின்னு டீ குடிக்காமப் போவ மாட்டாரு. பத்தே காலாவும். ஒண்ணரை மணி நேரம் இருக்கு. நீ போன வை."

அடுத்து அவள் தம்பியிடம் பேசியது என்ன என்பதைத் தமிழ்மாறன் பின்னால் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறான். அவன் பூலாம்பாடியில் செல்போன் கடை வைத்திருந்தான்.

"தமிழு, சின்னப் பாப்பாவுக்குக் காது குத்தணும்."

"குத்தலாங்க்கா. தை மாசம்னு பேசி வச்சிருக்கோமே."

"இன்னிக்கு. பத்து மணிக்குள்ள."

"ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?"

விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி கவிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒங்க வேலைக்கு எம் புள்ள காதுதான் கெடைச்சுதா அண்ணி?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே குழந்தைக்குப் பட்டுப்பாவாடையைத் தேடி எடுத்தாள். அவளுடைய அண்ணன் அடுத்த தெருவில்தான் இருந்தான். தாய்மாமன் மடிக்குக் குறைவில்லை. ஆசாரியை அவர் வீட்டு வாசலிலேயே பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாரியம்மன் கோயிலில் மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தபோது மணி பத்து பத்து. ஐந்து நிமிஷத்தில் ஜீப் வந்தது.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குழந்தை வீறிட்டது, முதலாளியம்மா கொலுசு போட்டார், ராஜதுரை போட்டோ எடுத்தான். முடிந்ததும் தமிழ்மாறன் மரியாதைக்கு வீட்டுக்கு அழைத்தான். சிங்காரவேலு மறுபேச்சு சொல்லாமல் வந்து, தரையில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். அவர் போன்றவர்கள் அந்தத் தெருவில் கை நனைத்ததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தமிழ்மாறனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எங்கப்பா செல்வியக் காணும்?" என்று கேட்டார் முதலாளி.

அக்கா ஜவுளிக்கடைக்குப் போயிருக்கு என்று சொல்லச் சொல்லியிருந்தாள் செல்வி. ஆனால் தன் வீட்டு இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் முகத்தைப் பார்த்ததும் அவன் வாயில் அந்தப் பொய் வரவில்லை.

"ஆலத்தியூர்ல இன்டர்வியூவுக்குப் போயிருக்குங்க" என்றான்.

சிங்காரவேலு பொங்கலை மீதி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார். எழுந்து கை கழுவினார். அவர் சொல்லாததை ராஜதுரை டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

பத்தரைக்கு வரச் சொன்ன ஆலையில் ஒன்றரை வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்குத் தம்பியின் மெசேஜ் வந்தது. பதினொன்றரைக்கு வெளியே லாரி வரிசையிலிருந்து எவனோ ஒருவன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, உள்ள கூப்ட்டாங்களா இன்னும்?" என்று கேட்டான். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"அப்பத்தான் எனக்கு லேசாச்சு" என்று பின்னால் பிரவீணாவிடம் சொன்னாள். "உள்ள மூணு பேரு. இங்கிலீஷ்லதான் கேட்டாங்க, ஏன் வர்றீங்கன்னு. நான் தமிழ்லயே சொன்னேன். சார், நான் இங்க வந்திருக்கறது எங்க முதலாளிக்குக் காலையிலயே தெரிஞ்சுபோச்சு, அதனால பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. எனக்கு எடை போடத் தெரியும், லாரிய ஒழுங்கு பண்ணத் தெரியும், டிரைவர் திருட்டுத்தனமும் தெரியும். அங்க இதுக்கு மேல கத்துக்க ஒண்ணும் இல்ல, இங்க இருக்கு. அதான் வந்தேன்னேன். மூணு பேருல ஒருத்தரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. அப்பறம் அரை மணி நேரம் திருட்டுத்தனத்தப் பத்திதான் பேசுனோம்."

சனிக்கிழமை காலை அக்கா வழக்கம்போல ஏழே கால் பஸ்ஸில் வந்தாள். முதலாளி கேபினில் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாப்பாவுக்கு நல்லபடியா காது குத்தியாச்சு. அத்தக்காரி ஒன்னத்தான் காணும்."

"மன்னிச்சுக்குங்க சார். பொய் சொன்னது தப்புதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்களா சார்?"

அவர் எழுந்தார். கேபினைச் சுற்றிலும் பார்த்தார். "இங்க புழுக்கமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கேபினில் ஏசி வந்து மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஆலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏசிக்குக் கீழே அக்கா உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு லாரியும் ஜன்னலில் ஒரு கேள்வியோடு வரும். "என்னக்கா, இன்னும் போவலயா?" "ஏசி காத்து வுட மாட்டேங்குதா?" "சொல்லிட்டுப் போக்கா, நாங்க மேளம் வைக்கணும்ல." ராஜதுரை ஒரு நாள், "அவங்க வேற ஆளப் போட்டுட்டாங்களாம்க்கா, கேட்டுல பேசிக்கிட்டாங்க" என்றான். அக்கா சீட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டா போட்டுட்டுப் போறாங்க. ஃபேக்டரி ஒண்ணுதானா இருக்கு? நீ போட்ட சேதியால எல்லாக் கேட்டுலயும் என்னப் பத்தித்தான் பேசுறாங்க. சும்மா வெளம்பரம் பண்ணிக் குடுத்திருக்க, நல்லா இரு. வண்டிய எடு."

அவன் போனபிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். பிரவீணா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

எட்டாவது வாரம் புதன்கிழமை மெயில் வந்தது. அக்கா போனைப் பிரவீணாவிடம் நீட்டி, "நீ படி, எனக்குக் கண்ணு நிக்கல" என்றாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். கூடவே, இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து அனுபவக் கடிதமும் வேலையிலிருந்து விடுவித்த கடிதமும் கொண்டுவர வேண்டும்.

அக்கா அப்போதே முதலாளி அறைக்குப் போனாள். சிங்காரவேலு முழுவதையும் கேட்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அவள் சொன்ன தொகையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"சரி. ராஜினாமா எழுதிக் குடு. சொந்தக் காரணம், உடம்பு சரியில்ல, அந்த மாதிரி போட்டுக் குடு. ஃபைல்ல நாளைக்கு நாலு பேரு பாப்பான். சிங்காரவேலு கிட்ட ஏதோ கொறைன்னு போயிட்டான்னு இருக்கக் கூடாது. நீ அப்புடி எழுதிக் குடுத்தா, நான் நீ கேக்குற ரெண்டு கடுதாசியும் குடுக்குறேன்."

அக்கா வேறு மாதிரி எழுதிக் கொடுத்தாள். சிங்காரவேலு அதை மூன்று நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். மூன்று நாளும் அவளிடம் பேசவில்லை. நான்காம் நாள் காலை இரண்டு கடிதங்களிலும் கையெழுத்துப் போட்டு, பதினோரு வருஷம் என்பதை எழுத்திலும் எழுதச் சொல்லி, பிரவீணா கையில் கொடுத்தனுப்பினார். செல்வி அக்கா இப்போது ஆலத்தியூர் ஆலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, நான்கு எடை மேடைகளையும் அவற்றின்மேல் ஏறும் லாரிகளையும் மேய்க்கிறாள். இங்கே மேடையில் பிரவீணா உட்கார்ந்திருக்கிறாள், வேலை உத்தரவு வாங்கிக்கொண்டு.

அக்காவைப் பற்றி யார் பேசினாலும் பிரவீணாவுக்கு ஞாபகம் வருவது, முதலாளி நிபந்தனை சொன்ன அந்தப் புதன்கிழமை சாயங்காலம்தான். அக்கா அறையிலிருந்து வந்து ஏசியை நிறுத்தினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பிரவீணா முன்னால் வைத்தாள்.

"அவரு சொன்ன மாதிரி எழுதிடலாமேக்கா?" என்றாள் பிரவீணா. "ஒரு வரிதானே. எல்லா எடத்துலயும் அப்புடித்தான் போடுவாங்க. அவரு கையெழுத்துப் போடலன்னா அங்க எப்புடிச் சேருவீங்க?"

"தெரியும். இருந்தாலும் வேணாம். எங்கம்மா எத்தன பேரு வயல்ல வேல செஞ்சிருக்கு தெரியுமா? கூலி கொறச்சலா இருந்து வேற வயலுக்குப் போவணும்னா, ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கும். அந்த வூட்டுக்காரங்க வந்து பாப்பாங்கன்னு நெசமாவே போத்திக்கிட்டுப் படுத்திருக்கும், சித்திரை மாசத்துல. நானும் மூணு வருசமா அதத்தான் செஞ்சேன். காய்ச்சல்னேன், காதுகுத்துன்னேன். அந்தப் பச்சப்புள்ள காதையும் ஓட்ட போட்டாச்சு. போதும்."

பிரவீணா பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதிக் குடு பிரவீணா. மரியாதையா எழுது, அவரு மேல ஒரு கொறையும் வேணாம். ஆனா காரணம்னு வர்ற எடத்துல, எனக்கு வேற நல்ல வேல கெடைச்சிருக்கு, அதனால போறேன்னு அப்புடியே எழுது. தமிழ்ல இருக்கறத அவரு முன்னாடி நின்னு நானே வாசிக்கணும்."